டிபாடிக்கு டிஸ்ப்ளே பிளாக் போடுவதை நிறுத்துங்கள்

நீளமான வெப் டேபிளில் தரவு ஸ்க்ரோல் ஆகும்போது தலைப்பு மட்டும் மேலேயே நிற்க வேண்டும். அதற்கு முயன்ற ஒரு பக்கத்தில், ‘தொகை’ என்ற தலைப்புக்குக் கீழே தேதி நிற்கிறது. ‘தேதி’க்குக் கீழே பாதிப் பெயர். சிஎஸ்எஸ் நிரலை எடுத்துப் பார்த்தால் அதே பழைய கதைதான்: டிபாடிக்கு (tbody, தரவு வரிசைகள் இருக்கும் பகுதி) டிஸ்ப்ளே பிளாக் (அதைச் சாதாரணப் பெட்டியாக்குவது), ஒரு உயரம், ஓவர்ஃப்ளோ ஆட்டோ (உள்ளடக்கம் மிஞ்சினால் ஸ்க்ரோல்). இத்தனை வருடம் கழித்தும் இதையே காப்பி பேஸ்ட் செய்துகொண்டிருக்கிறோம்.

இது ஏன் உடைகிறது என்று ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். டேபிளில் ஒரு காலம் (column, நெடுவரிசை) எவ்வளவு அகலம் என்பதைத் தலைப்பு, தரவு இரண்டின் செல்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் பிரவுசர் முடிவு செய்யும். டிபாடியைப் பிளாக் ஆக்கியதும் அது அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது. அதற்குள் இருக்கும் வரிசைகளுக்காகப் பெயரில்லாத இன்னொரு டேபிளைப் பிரவுசரே கட்டிக்கொள்கிறது. இப்போது உங்களிடம் இருப்பது இரண்டு டேபிள், இரண்டு கணக்கு. ஒவ்வொரு காலத்துக்கும் அகலம் கொடுத்துச் சரிக்கட்டினாலும் ஸ்க்ரோல்பார் குறுக்கே வரும். விண்டோஸில் அது வழக்கமாக 15 முதல் 17 பிக்சல் வரை தரவுப் பகுதியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். டிராக்பேட் வைத்த மேக்கில் அது மேலே மிதப்பதால் இடமே எடுக்காது. ‘17 பிக்சல் கழித்துவிட்டேன், சரியாகிவிட்டது’ என்றால், உங்கள் மெஷினில் சரியாகிவிட்டது. அவ்வளவுதான். பிறகு அகலத்தை அளக்க ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துரு தாமதமாக வந்தால் மறுபடி அளக்க இன்னொரு ஃபங்ஷன்...

இரண்டு தனி டேபிள் வைப்பது இன்னும் மோசம். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் ‘4500’ என்று படிக்கும். எதனுடைய 4500 என்று சொல்ல அதற்கு வழியில்லை.

டேபிளை டேபிளாகவே விடுங்கள். அதை ஒரு டிவ்வுக்குள் (div, வெறும் பெட்டி) வையுங்கள். டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ ஆட்டோ, மேக்ஸ்-ஹைட் 70 விஹெச் (vh, அதாவது திரை உயரத்தில் 70 சதவீதம்). ஒவ்வொரு டிஹெச்சுக்கும் (th, தலைப்புச் செல்) பொசிஷன் ஸ்டிக்கி (ஸ்க்ரோல் ஆனாலும் ஓரத்தில் ஒட்டி நிற்கும்), டாப் 0, ஒளி ஊடுருவாத பின்னணி நிறம். பின்னணியை மறந்தால் தலைப்பும் தரவும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.

ஸ்டிக்கியை டிஹெச்சுக்குக் கொடுங்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. குரோம் 56 (2017) முதலே செல் ஒட்டும். டிஹெட்டும் (thead, தலைப்புப் பகுதி முழுவதும்) டிஆரும் (tr, வரிசை) ஒட்ட ஆரம்பித்தது குரோம் 91-இல்தான் (2021). ஃபயர்ஃபாக்ஸில் டேபிளுக்குள் இது வந்தது 59-இல் (2018). சஃபாரி 13-க்கு முந்தையவற்றுக்கு ஸ்டிக்கிக்கு முன்னால் -webkit- என்ற வெப்கிட் முன்னொட்டு வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இது கடைசிவரை வரவே இல்லை; அங்கே தலைப்பு சும்மா மேலே போய்விடும், டேபிள் உடையாது.

‘ஸ்டிக்கி வேலை செய்யவில்லை’ என்று வருபவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் குற்றவாளி ஓவர்ஃப்ளோதான். ஸ்டிக்கி, தனக்கு மிக அருகில் இருக்கும் ஸ்க்ரோல் பெட்டியைத்தான் பிடித்துக்கொள்ளும். ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (மிஞ்சுவதை மறைப்பது) போட்ட டிவ்வும் அந்தக் கணக்கில் சேரும். மொபைலுக்காக டேபிளைச் சுற்றி ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ போடுகிறீர்களே, அதுவும்தான்: எக்ஸ் (கிடைமட்டம்) ஆட்டோ ஆனால், விசிபிளாக இருந்த ஒய்யும் (செங்குத்து) தானாக ஆட்டோ ஆகிவிடும். பெட்டிக்கு உயர வரம்பு இல்லாததால் அது நகராது, பக்கம்தான் நகரும், தலைப்பும் கூடவே போகும். பிரவுசரின் டெவ்டூல்ஸில் (பக்கத்தின் நிரலைப் பார்க்கும் கருவி) டிஹெச்சிலிருந்து பாடி வரை ஒவ்வொரு படியாக ஏறி ஓவர்ஃப்ளோவைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. வெட்டுவதற்கு மட்டுமே ஹிட்டன் போட்டிருந்தால் அதைக் கிளிப் என்று மாற்றுங்கள் (சஃபாரியில் 16 முதல் உண்டு). இல்லையென்றால் பெட்டிக்கு மேக்ஸ்-ஹைட் கொடுங்கள். அதைச் சதவீதத்தில் கொடுத்தால், தாய்ப் பெட்டிக்கு உயரம் இல்லாதபோது அது செல்லாது.

ஸ்க்ரோல் செய்ததும் தலைப்பின் கீழ்க்கோடு காணாமல் போகிறதா? காரணம் பார்டர்-கொலாப்ஸ் (அடுத்தடுத்த செல்களின் கோடுகளை ஒன்றாக்குவது). அதில் கோடு செல்லுக்குச் சொந்தமில்லை, டேபிளுக்குச் சொந்தம். அதனால் எழுத்து நிற்கும், கோடு போய்விடும். செப்பரேட் ஆக்கி, பார்டர்-ஸ்பேசிங் 0 வைத்து, கீழ்ப்பக்கம் மட்டும் பார்டர் கொடுங்கள்.

முதல் காலமும் நிற்க வேண்டுமென்றால் அதற்கு லெஃப்ட் 0. இசட்-இண்டெக்ஸ் (எது எதற்கு மேல் தெரியும் என்ற வரிசை): காலத்துக்கு 1, தலைப்புக்கு 2, மூலைச் செல்லுக்கு 3. மூலையை எல்லோரும் மறக்கிறார்கள். தலைப்பு இரண்டு வரிசை என்றால் இரண்டாவதன் டாப், முதல் வரிசையின் உயரம். சிறிய திரையில் நீளமான தலைப்பு மடிந்தால் அந்த எண் பொய்யாகிவிடும். பழைய பிரவுசர் கவலை இல்லையென்றால் இந்த இடத்தில் மட்டும் டிஹெட்டையே ஒட்டவிடுங்கள்.

மவுஸ் இல்லாமல் கீபோர்டில் வேலை செய்பவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெட்டிக்கு டேப்-இண்டெக்ஸ் 0 (டேப் கீயால் அங்கே போக முடியும்), ரோல் ரீஜன், ஒரு ஏரியா-லேபிள் (aria-label, ஸ்க்ரீன் ரீடர் சொல்லும் பெயர்). டேபிளுக்குள் இன்புட் இருந்தால் தலைப்பின் உயரத்தையே பெட்டிக்கு ஸ்க்ரோல்-பேடிங்-டாப்பாகக் (ஸ்க்ரோல் ஆகும்போது மேலே விடும் இடம்) கொடுங்கள். இல்லையென்றால் டேப் அடித்துப் போகும் இன்புட் தலைப்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (WCAG, வெப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வகை செய்யும் வழிகாட்டி), ஃபோகஸ் ஆன இடம் இப்படி முழுவதும் மறைவதைப் பிழை என்றே சொல்கிறது.

பிரிண்ட் ஸ்டைலில் மேக்ஸ்-ஹைட் நன் (none, வரம்பில்லை), ஓவர்ஃப்ளோ விசிபிள், டிஹெச்சுக்கு பொசிஷன் ஸ்டாட்டிக். இதைச் செய்யாமல் விட்டால் 300 வரிசை அறிக்கையில் திரையில் தெரிந்த 20 மட்டும் தாளில் வரும், மீதி எங்கே என்று உங்களைத்தான் கேட்பார்கள்.