மிளகு யாரும் போடவில்லை: சேசோன் பாட்டிலைத் திறப்பதற்கு முன்

சனிக்கிழமை மாலை மீண்டும் ஒரு கோப்பை திரும்பி வந்தது. இந்தக் கோடையில் எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பிரஸ்ஸல்ஸில் ஒரு பீர் விடுதியின் நிலவறையையும் பரிமாறும் மேசைகளையும் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். திரும்பி வரும் பீர்களில் பாதிக்கு மேல் சேசோன் என்னும் பெல்ஜியப் பண்ணை பீர். அவற்றில் உண்மையாகவே கெட்டுப்போனது பத்தில் ஒன்றுகூட இருக்காது. நல்ல பீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை வந்தவர்கள் ஒரு தமிழ்த் தம்பதி. கணவருக்கு மியூனிக்கில் வேலை. பனிக்கட்டிபோல் குளிர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பயிற்சிக்கு வந்திருக்கும் எங்கள் பையனும் பாட்டிலை அரைமணி நேரம் பனிக்கட்டி வாளிக்குள் புதைத்துவைத்து, கைப்பிடி போட்ட தடித்த கண்ணாடிக் குவளையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அவர் பாட்டிலை ஒரே சாய்ப்பில் கவிழ்த்தார். நுரை மேசை முழுவதும் வழிந்தது, அடிமண்டியெல்லாம் குவளையில் கலந்தது. ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தவர் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

“அண்ணா, பீர் பழையதாகிவிட்டது. அதை மறைக்க மிளகுத்தூளும் கிராம்பும் கொட்டியிருக்கிறார்கள்.”

இதுதான் என்னை மிகவும் வாட்டும் குற்றச்சாட்டு. அந்தப் பாட்டிலில் இருந்தது தண்ணீர், முளைகட்டிய பார்லி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். வேறு எதுவும் இல்லை. ஒரு சிட்டிகை மிளகுகூட இல்லை.

மிளகு போடாமல் ரசத்தில் மிளகு வாசம் வருமா என்று கேட்பீர்கள். ரசத்தில் வராது, பீரில் வரும். பார்லியின் உமியில் ஃபெரூலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கென்று சொல்லிக்கொள்ளும்படி வாசம் கிடையாது. சில வகை ஈஸ்ட்கள் அதை உடைத்து 4-வினைல்குவையகோல் என்ற பொருளாக மாற்றுகின்றன. கிராம்பின் காரநெடி அங்கிருந்து வருகிறது. அதே ஈஸ்ட், சர்க்கரையைச் சாராயமாக்கும் வேலையின் நடுவே எஸ்டர்கள் என்னும் வாசனைப் பொருள்களையும் உண்டாக்குகிறது. ஆரஞ்சுத் தோல், பேரிக்காய், எலுமிச்சை என்று நீங்கள் முகர்வதெல்லாம் அவைதான். பழமும் போடவில்லை, மசாலாவும் போடவில்லை.

லாகர் பீரை 8 முதல் 12 டிகிரிக் குளிரில் நிதானமாகப் புளிக்கவைப்பார்கள். அந்தக் குளிரில் ஈஸ்ட் அடக்கமாக வேலை செய்யும், தன் வாசனையைப் பெரிதாக விட்டுவைக்காது. சேசோனுக்கு முறையே வேறு. 30 டிகிரியையும் தாண்டவிடுவார்கள். வேறு பல பீர்களை அந்தச் சூட்டில் புளிக்கவைத்தால் வாயில் வைக்க முடியாது. இந்த ஈஸ்ட்டுக்கு அந்தச் சூடு ஒத்துப்போகிறது, தன் குணத்தையெல்லாம் கொட்டிவிடுகிறது.

அவர் நம்பவில்லை. அவருடைய ஊரையே சாட்சிக்கு அழைத்தேன். “தம்பி, மியூனிக்கில் கோதுமை பீர் குடித்திருப்பீர்களே, அதில் கிராம்பு வாசமும் வாழைப்பழ வாசமும் வருமே, அங்கே யார் கிராம்பைப் போட்டார்கள்?” பவேரியாவில் 1516-இல் வந்த தூய்மைச் சட்டத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் அவர்கள், மசாலாவைக் கிட்டேயே சேர்ப்பதில்லை. அங்கேயும் அந்த வாசத்தைத் தருவது ஈஸ்ட்தான், வழியும் இதேதான். ஆண்டுக்கணக்கில் ஆசையாகக் குடித்துவரும் வாசனையை இன்னொரு பெயர்ச்சீட்டு ஒட்டிய பாட்டிலில் கண்டதும் கலப்படம் என்று சொல்வது நியாயமா?

மசாலா போட்ட சேசோன் உலகத்திலேயே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெல்ஜியத்தின் எய்னோ மாகாணத்தில் பிப்பே என்ற சிற்றூரில் இன்றும் நீராவி எந்திரத்தை ஓட்டி பீர் காய்ச்சும் வடிசாலை ஒன்று இருக்கிறது, பெயரே ‘பிராசெரி ஆ வாபர்’, அதாவது நீராவி வடிசாலை. அவர்களுடைய சேசோன் தெ பிப்பேயில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்க்கிறார்கள், மறைப்பதும் இல்லை. அதையும், மசாலா போடாத துபோன் வடிசாலையின் சேசோனையும் அடுத்தடுத்து வைத்து முகர்ந்து பாருங்கள். போட்ட மசாலா தனியாக முன்னால் வந்து நிற்கும். ஈஸ்ட் தந்த காரம் பழவாசனைக்குள் கரைந்து, விழுங்கிய பிறகு தொண்டையின் பின்புறத்தில்தான் தெரியும். ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு குழப்பம் வராது.

சேசோன் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பருவம் என்று பொருள். பெல்ஜியத்தின் தெற்கில் பிரெஞ்சு பேசும் வலோனியாவின் பண்ணைகளில், குளிர்ந்த மாதங்களில் காய்ச்சி வைத்துக் கோடைக்கால வயல்வேலைக்குக் கொடுத்த பீர் அது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சினால் கெட்டுவிடும். ஒவ்வொரு பண்ணையும் கையில் இருந்த தானியத்தைப் போட்டது, ஆகவே ஒரே செய்முறை என்று எப்போதும் இருந்ததில்லை. இன்று நாம் அளவுகோலாக வைத்திருப்பது தூர்ப் கிராமத்தில் 1844 முதல் காய்ச்சிவரும் பண்ணை வடிசாலையின் பீர். 1920-இல் துபோன் குடும்பத்தின் கைக்கு வந்தது, சாராய அளவு 6.5 சதவீதம். ப்ளோஜி ஊர்க்காரர்கள் ஸ்பெல்ட் என்னும் பழைய கோதுமை வகையைச் சேர்க்கிறார்கள். சில்லி ஊரின் சேசோன் பழுப்பு நிறத்தில் மெல்லிய இனிப்போடு இருக்கும். ஒன்றைக் குடித்துவிட்டு எல்லாமே இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

“தண்ணீர் மாதிரி இருக்கிறது, உடம்பே இல்லை” என்று சொல்கிறவர்களும் உண்டு. அது குறையன்று, அதுதான் இந்த பீரின் தனிச்சிறப்பு. சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவிடும் டெக்ஸ்ட்ரின்கள் என்னும் மாவுச்சர்க்கரைகளைப் பல சேசோன் ஈஸ்ட்கள் உடைத்துத் தின்றுவிடும். இனிப்பு ஏறக்குறைய மிஞ்சாது. நாக்கைக் காயவைக்கும் அந்த வறட்சிதான் அடுத்த மிடறுக்கு அழைக்கிறது. மேலே ஹாப்ஸின் கசப்பு, கூடவே வைக்கோல் போரின் பக்கத்தில் நிற்பதுபோல ஒரு புல்வாசம். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோ அவித்த சிப்பியோ பக்கத்தில் இருந்தால் இந்த வறட்சி எதற்கு என்று தானாகவே புரியும். எண்ணெயில் பொரித்த மீனுக்கும் இதைவிடப் பொருத்தமான பீரை நான் கண்டதில்லை.

சரி, குளிர். பல் கூசும் குளிரில் நாக்கு மரத்துவிடும், வாசனை எழும்பாது, மிஞ்சுவது கசப்பும் காற்றும்தான். நான் 8 டிகிரியில் ஊற்றி, மேசையிலேயே 12 வரை ஏறவிடுவேன். வீட்டில் வெப்பமானி தேவையில்லை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து 20 நிமிடம் வெளியே நிறுத்திவையுங்கள், போதும். உறைபெட்டிக்குள் வைக்காதீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். சுவைக்காக மட்டும் சொல்லவில்லை, அந்தப் பாட்டில் உறைந்து வெடித்தால் கண்ணாடிச் சில்லு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் விடுதிக்கு வழக்கமாக வரும் ஒருவர் சென்ற ஜூலையில் 750 மில்லி பாட்டில் ஒன்றை வாங்கிப்போய், காரின் பின்பெட்டியில் வெயிலில் ஒரு பகல் முழுவதும் விட்டிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் நிற்கவைக்கக்கூட இல்லை. முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கம்பியை அவிழ்த்திருக்கிறார். தக்கை புருவத்தில் பாய்ந்தது. இரண்டு தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். மறுவாரம் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து, முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். கேட்டது சரிதான். அன்றிலிருந்து தக்கை போட்ட பாட்டிலை விற்கும்போதெல்லாம் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

சேசோன் பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பாட்டிலில் அடைத்த பிறகும் ஒருமுறை புளிக்கவைப்பதற்காகத்தான் அதை உள்ளே விடுகிறார்கள். சாதாரண பீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 லிட்டர் கரியமில வாயு கரைந்திருக்கும். சேசோனில் 3 லிட்டருக்கு மேல், சிலவற்றில் 4 வரைகூடப் போகும். கனத்த கண்ணாடியும் தக்கையும் கம்பிக்கூடும் அழகுக்காக வைத்தவை அல்ல.

ஆகவே, வாங்கிவந்த பாட்டிலை ஓர் இரவாவது குளிர்ச்சியில் நிற்கவையுங்கள், மண்டி அடியில் படியட்டும். குலுக்கிய பாட்டிலையும் சூடேறிய பாட்டிலையும் திறக்காதீர்கள். திறக்கும்போது தக்கையின் மேல் ஒரு துணியைப் போட்டு உள்ளங்கையால் அழுத்திக்கொள்ளுங்கள். தக்கையைத் திருகாமல் பாட்டிலைத் திருகுங்கள். மெல்லப் பெருமூச்சு விடுவதுபோலத் தக்கை வெளிவர வேண்டும், வெடிச்சத்தம் கேட்டால் திறந்த முறை தவறு. பாட்டிலின் வாய் உங்கள் முகத்தையும் பார்க்கக் கூடாது, எதிரில் இருப்பவரின் முகத்தையும் பார்க்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் முதலில் அவர்களை அடுத்த அறைக்கு அனுப்புங்கள்.

வீட்டிலேயே பீர் காய்ச்சும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சேசோன் ஈஸ்ட்களில் சில, பாதி வழியில் அயர்ந்து நின்றுவிடும். அடர்த்தி இறங்காமல் நாள்கணக்கில் அப்படியே இருக்கும். புளிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணிப் பாட்டிலில் அடைத்துவிடுவீர்கள். சில வாரம் கழித்து, மிஞ்சிய டெக்ஸ்ட்ரினை அது பாட்டிலுக்குள்ளேயே தின்னத் தொடங்கும். பிறகு வெடிப்பதைத் தவிரப் பாட்டிலுக்கு வேறு வழியில்லை. அப்படி நின்றுபோனால் சூட்டை ஏற்றுங்கள், பொறுத்திருங்கள். அடர்த்தி 1.010-க்குக் கீழே இறங்கி, பல நாள் இடைவெளியில் அளந்தும் மாறாமல் நின்றால் மட்டும் அடையுங்கள். அதே குழாயையும் வாளியையும் சரியாகக் கழுவாமல் அடுத்த பீருக்கு எடுத்தால் அந்த பீரும் வெடிக்கும். இந்த ஈஸ்ட் அவ்வளவு எளிதில் ஒழியாது.

ஊற்றுவதற்கு டியூலிப் பூ வடிவக் கோப்பை நல்லது, இல்லையென்றால் ஒயின் கோப்பை போதும். சோப்பு மிச்சம் போகக் குளிர்ந்த நீரில் அலசி, ஈரத்தோடே ஊற்றுங்கள். கோப்பையைச் சாய்த்து, ஒரே ஓட்டமாக, கடைசி இரண்டு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். அந்த மண்டியில் ஒரு தீங்கும் இல்லை, சுவையைத்தான் கொஞ்சம் மாவாக்கிவிடும். இலேசான கலங்கல் இந்த பீரின் இயல்பு. கலங்கலைக் காட்டி என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

எதற்கு வரலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பச்சை பாட்டில் வெளிச்சத்தைத் தடுக்காது. கடைக்காரர் ஜன்னலோரத்திலோ குழல்விளக்கின் அடியிலோ வைத்திருந்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் சிதைந்து, எரிந்த ரப்பரும் அழுகிய பூண்டும் கலந்தாற்போல ஒரு வீச்சம் அடிக்கும். அது உண்மையான கேடு. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தாலும், மூக்கில் ஏறும் வினிகர் நெடி வந்தாலும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போதே அலமாரியின் முன்வரிசையை விட்டுவிட்டு உள்ளே இருட்டில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இலேசாக இறங்கும் பீர் என்பதால் அளவு தெரியாது. 6.5 சதவீதத்தில் ஒரு 750 மில்லி பாட்டில் என்பது, 5 சதவீத பீரில் மூன்று 330 மில்லி பாட்டிலுக்குச் சமம். பெரிய பாட்டிலை இருவரோ மூவரோ பகிர்ந்துகொள்வதற்காகச் செய்திருக்கிறார்கள். ஒருவரே முடித்துவிட்டு, “பீர்தானே” என்று சாவியை எடுப்பவர்களிடம் ஒவ்வொரு வாரமும் மன்றாடுகிறேன். பெல்ஜியத்தில் ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம்தான் சட்டத்தின் எல்லை. சட்டத்தை விடுங்கள், வீட்டில் காத்திருப்பவர்களை நினையுங்கள். டிராம் நள்ளிரவு வரை ஓடுகிறது, அதன்பின் டாக்ஸியை நானே அழைத்துத் தருகிறேன். மருந்து சாப்பிடுபவர்களும் கருவுற்றவர்களும் இதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

சனிக்கிழமை நான் நிலவறையிலிருந்து வேறு ஒரு சிறிய பாட்டிலை எடுத்துவந்து, இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஐந்து நிமிடம் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். கணவர் இரண்டு மிடறு குடித்தார். தனக்கு லாகர்தான் ஒத்துவரும் என்று மரியாதையாகச் சொன்னார், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அவருடைய மனைவி கோப்பையைக் கையில் ஏந்தியபடி நெடுநேரம் முகர்ந்துகொண்டே இருந்தார். முதலில் சாத்துக்குடித் தோல் என்றார். கொஞ்சம் கழித்து மிளகு என்றார். முக்கால் மணி நேரம் வைத்துக் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அண்ணா, கடைசி வாயில் மட்டும் சுட்ட ரொட்டி வாசம் வந்தது, அது முன்னாலேயே இருந்ததா?” என்று கேட்டார்.

இருந்தது, அம்மா. குளிரில் தெரியவில்லை.