அரசு ஆஸ்பத்திரியில் கருத்தடை: யார் கேட்கலாம், 18 நிரம்பாதவர்களுக்கு என்ன விதி

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஆணுறை, கருத்தடை மாத்திரை, காப்பர் டி, பெரும்பாலான இடங்களில் கருத்தடை ஊசி, எல்லாமே காசில்லாமல் கிடைக்கும். 1952-லேயே இந்தியா குடும்ப நலத்திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவர்கள் ஆபரேஷனுக்குப் போகிற இடம் என்றுதான் பலர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கேட்கவேண்டியவர்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

ஆணுறைக்கும் மாத்திரைக்கும் கல்யாணச் சான்றிதழ் தேவையில்லை, கணவர் கூட வரவேண்டியதும் இல்லை. சில இடங்களில் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று முகத்தைப் பார்த்தே கேட்பார்கள், அது அவர்களுடைய பழக்கம், விதி இல்லை. ஊர் நர்ஸுக்கு நம் வீட்டில் எல்லாரையும் தெரியுமே என்று பயமாக இருந்தால் பக்கத்து ஊர் நிலையத்துக்கோ தாலுகா ஆஸ்பத்திரிக்கோ போகலாம், தடையில்லை.

என்னென்ன கிடைக்கும் என்று பார்ப்போம். அரசு தரும் ஆணுறைக்குப் பெயர் நிரோத். தினமும் போடும் மாத்திரை மாலா-என். ஒரு அட்டையில் 28 இருக்கும், அதில் 21 தான் கருத்தடை மாத்திரை, மிச்சம் 7 இரும்புச்சத்து. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு முதல் ஆறு மாதம் இது சரிவராது. அவர்களுக்கு சாயா மாத்திரை இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, ஹார்மோன் கிடையாது. இதைப் போடும் முறையில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மாதவிடாய் வந்த முதல் நாள் ஒன்று போட வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தது புதன், பிறகு மறுபடி ஞாயிறு, இப்படி முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு. அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று போதும், ஞாயிறு மட்டும். நாளை மாற்றக்கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்குப் பெயர் அந்தரா. இதில் மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்றே கூடப் போகலாம். ஊசியை நிறுத்திய பிறகு கரு நிற்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி-யில் 5 வருட வகை, 10 வருட வகை இரண்டும் உண்டு. ஆபரேஷனுக்கு மட்டும் தனி நிபந்தனை: பெண்ணுக்கு 22 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். கணவரின் சம்மதக் கையெழுத்து தேவையில்லை, இதைத் தெரியாமல் எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆணுறை கிழிந்தாலோ பாதுகாப்பு இல்லாமல் உறவு நடந்துவிட்டாலோ 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஒரே ஒரு மாத்திரை அது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. மருத்துவர் சீட்டு இல்லாமலே மெடிக்கல் ஷாப்பில் விற்கலாம் என்பதுதான் நாடு முழுக்க உள்ள நிலை, ஆனால் தமிழ்நாட்டில் தடை எதுவும் இல்லாமலேயே சென்னையில்கூட பல கடைகளில் "அது வர்றதில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கடை கடையாக ஏறி இறங்கி நேரத்தை வீணாக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள். இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை, ஏற்கெனவே நின்ற கருவை ஒன்றும் செய்யாது.

சரி, 18 வயது நிரம்பாதவர்கள் விஷயத்துக்கு வருவோம். கருத்தடைப் பொருள் வாங்க இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. சந்தேகம் கேட்பது குற்றமே இல்லை. சொல்லப்போனால் 2014-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுள்ளவர்களுக்கென்றே அரசு ஆஸ்பத்திரிகளில் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை மையங்கள் நடக்கின்றன, அங்கே பேசுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஊசி, காப்பர் டி போன்றவற்றுக்கு மட்டும் பொறுப்பாளர் ஒருவரின் சம்மதத்தை நடைமுறையில் கேட்பார்கள்.

சிக்கல் வருவது 2012-ஆம் வருட போக்சோ சட்டத்தால், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தால். அதன்படி 18 நிரம்பாத யாரும் குழந்தைதான், அந்தக் குழந்தையின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இருவரும் விரும்பித்தான் உடலுறவு கொண்டார்கள் என்றாலும், ஏன், கல்யாணமே ஆகியிருந்தாலும் (2017-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது), அது குற்றமாகவே கருதப்படும். குற்றம் நடந்தது தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. நர்ஸும் டாக்டரும் சின்னப் பெண்ணைப் பார்த்ததும் தயங்குவதற்கு இதுதான் காரணம், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டத்துக்குப் பயந்து ஒரு பெண் ஐந்து மாதம் வரை வயிற்றை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கும் நிலை வரக்கூடாது என்பதுதான் என் கவலை.

அப்படி மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பொறுப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ டாக்டர் சொல்லத் தேவையில்லை. தகவல் போகும், பெயர் போகாது. இது தானாக நடக்காது, நாமே வாய்விட்டுக் கேட்க வேண்டும். கருக்கலைப்புச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது, பெண்ணின் விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத ஆளிடம் வெளியிட்டால் டாக்டருக்கு ஒரு வருடம் வரை சிறை. அதே தீர்ப்புதான் கல்யாணமாகாத பெண்ணுக்கும் கல்யாணமான பெண்ணுக்கு உள்ள அதே உரிமை உண்டு என்று சொன்னது.

18 நிரம்பாத பெண்ணின் கருக்கலைப்புக்குப் பொறுப்பாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். பொறுப்பாளர் என்றால் அப்பா அம்மாதான் என்றில்லை, பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ளவர் என்றுதான் சட்டம் சொல்கிறது. பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும் பெண்களுக்கு இது முக்கியம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், சிறுமிகளுக்கு 24 வாரம் வரை அனுமதி உண்டு, ஆனால் அதற்கு இரண்டு டாக்டர்கள் வேண்டும். நாள் தள்ளிப்போனால் உடனே போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான்.

உறவு விருப்பமில்லாமல் நடந்தது என்றால் கணக்கே வேறு. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். எஃப்ஐஆர் கொண்டு வா, போலீஸ் கடிதம் கொண்டு வா என்று முன்நிபந்தனை போடக்கூடாது. பருவமடைந்த பெண்ணாக இருந்தால் அவசரக் கருத்தடை பற்றி அவளிடமும் பெற்றோரிடமும் பேச வேண்டும் என்று போக்சோ விதிகளிலேயே இருக்கிறது. துணைக்கு ஆள் இல்லாதவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். பொதுவான சந்தேகங்களுக்கு 104.