கிராஃபிட்டி: சுவரோவியம் இல்லை, கீறல்

கண்ட சுவரிலும் அனுமதி கேட்காமல் எழுதிவைக்கிற கிராஃபிட்டிக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் அநேகமானவர்கள் யோசிக்காமல் சொல்வது ‘சுவரோவியம்’. கொஞ்சம் எரிச்சலில் இருப்பவர்கள் ‘சுவர்க் கிறுக்கல்’ என்பார்கள். இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை. முதலாவது அதைக் கொண்டுபோய்க் கோயில் மண்டபத்தில் வைத்துவிடுகிறது, இரண்டாவது பைத்தியக்கார வேலையாக்கிவிடுகிறது (கிறுக்கு என்ற சொல்லின் குணம் அப்படி). திருகோணமலைக்காரருக்கு இந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள இத்தாலிவரை போகவேண்டிய தேவை உண்மையில் இல்லை, நாம் வீட்டில் பேசுகிற தமிழிலேயே அது கிடக்கிறது. ஆனாலும் ஒருதரம் போய்வருவோம்.

இத்தாலியத்தில் ‘கிராஃபியாரே’ என்றால் பிறாண்டுவது, கீறுவது. பூனை பிறாண்டினால் கையில் விழுகிற கோடு ‘கிராஃபியோ’. சுவரில் அப்படிக் கீறி வைத்த ஒன்று ‘கிராஃபிட்டோ’, பல இருந்தால் ‘கிராஃபிட்டி’. ஆக, நாம் ஒருமைக்கும் சேர்த்துச் சொல்கிற கிராஃபிட்டி அங்கே பன்மை. இந்தச் சொற்கூட்டத்தின் பின்னால் நிற்பது கிரேக்கத்து ‘கிராஃபெயின்’. அந்த ஒரு வினைக்குள் கீறு, எழுது, வரை மூன்றும் அடங்கும். ஆங்கிலத்தில் எழுதுவதற்குச் சொல்கிற ‘ரைட்’கூடப் பழைய ஆங்கிலத்தில் கீறுவதைத்தான் குறித்தது.

சொல் பரவியதற்குக் காரணம் பொம்பெயி. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலுக்குள் மூடுண்ட ரோமானிய ஊர் அது. தோண்டி எடுத்தபோது சுவர்கள் முழுக்க ஆயிரக்கணக்கில் கீறல்கள்: காதல், ஏச்சு, கணக்கு, கிளாடியேட்டர்களின் வெற்றி தோல்வி, வெறும் பெயர்கள். தேர்தல் விளம்பரங்களும் உண்டு, ஆனால் அவை தூரிகையால் எழுதியவை, அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், நம் ஊரில் பெயின்ட் வாளியோடு திரிந்தவர்கள் மாதிரி. அரசனும் அதிகாரிகளும் வெட்டுவித்த கல்வெட்டுகளில் இருந்து, போகிற வருகிறவன் ஆணியால் கீறிவிட்டுப்போன இந்த எழுத்துகளைப் பிரித்துச் சொல்ல 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்படித்தான் கிராஃபிட்டி வந்தது. அழகானதா அசிங்கமானதா என்பது அப்போது கேள்வியே இல்லை, யார் அனுமதியில் எழுதியது என்பதுதான் கேள்வி. பொம்பெயியில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரு கவிதை இருக்கிறது: சுவரே, இத்தனை பேருடைய சலிப்பூட்டும் எழுத்தைத் தாங்கிக்கொண்டும் நீ இன்னும் இடிந்து விழாமல் இருக்கிறாயே, எனக்கு ஆச்சரியம். அதையும் சுவரில்தான் கீறியிருக்கிறார் அந்த மனிதர்.

இந்தப் பிரிப்பை நம் ஊரில் கோட்டை வாசலில் நின்றபடியே பார்க்கலாம். கோணேசர் கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, அதன் வாசல் கல்லில் இரட்டை மீனும், ‘முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று தொடங்கும் எழுத்தும் இருப்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அது கல்வெட்டு. மேலே சுவாமிமலையில் பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுப் பெண்ணின் பெயரைச் சொல்லும் 1687ஆம் ஆண்டுத் தூண், டச்சுக்காரர் வெட்டியது, அதுவும் கல்வெட்டுத்தான் (அவள் கடலில் குதித்த கதையை வழிகாட்டிகள் சொல்லட்டும்). இவை எல்லாம் அதிகாரம் உள்ளவர்கள் ஆள் வைத்து வெட்டுவித்தவை. இப்படி ஒரு பழைய மதிலில் இரண்டு பெயரும் நடுவில் ஓர் அம்பு துளைத்த இதயமும் இருந்தால் அது கிராஃபிட்டோ. கீறினவன் பெயரும் கீறப்பட்டவள் பெயரும் தவிர அதற்கு வேறு பின்புலம் எதுவும் இல்லை.

அதே கணக்கில் பாருங்கள். பள்ளிக்கூட மதிலில் பல் துலக்குகிற பிள்ளை, டெங்கு நுளம்பு, மரம் நடுகிற கை எல்லாம் வரைந்திருப்பார்கள். அதிபர் அனுமதி கொடுத்து, பழைய மாணவர் சங்கம் பெயின்ட் வாங்கிக் கொடுத்து, முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டது அது. சுவரோவியம் என்ற சொல் அதற்கே பொருத்தம். அதே மதிலின் பின்பக்கத்தில் ஓஎல் (சாதாரணதரப் பரீட்சை) பட்ச் பெடியன்கள் கரியால் எழுதிவிட்டு ஓடின வருடமும் பட்டப்பெயர்களும் இருக்கின்றனவே, கிராஃபிட்டி அங்கே இருக்கிறது.

கிட்டடி உதாரணம் இன்னும் ஒன்று உண்டு, ஹபரணைப் பக்கம் இறங்கினால் சிகிரியா. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய கோட்டையின் கண்ணாடிச் சுவரில் (கண்ணாடிபோல மினுக்கிய சுவர்), அவன் போய்ப் பல தலைமுறைக்குப் பிறகு, ஏறிவந்து பார்த்த சனங்கள் அங்கே பாறையில் தீட்டியிருந்த ஓவியப் பெண்களைப் பற்றிச் சிங்களத்தில் கவிதை கீறி வைத்தார்கள், பெரும்பாலானவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டுவரை. தொல்லியலாளர் செனரத் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் வெளியிட்டார். நான் ரசிப்பது புதல் என்பவருடையது: எல்லாரோடும் சேர்ந்து வந்தேன், சிகிரியாவைப் பார்த்தேன், பலபேர் கவிதை எழுதியிருந்தபடியால் நான் எழுதவில்லை. எழுதவில்லை என்பதை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்! பொம்பெயிக்காரரும் இவரும் சந்தித்திருந்தால் நல்ல கூட்டாளிகள் ஆகியிருப்பார்கள். ஆனால் 2015இல் இதே சுவரில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு 2 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். பழைய கீறலைக் காப்பாற்றப் புதிய கீறலைத் தடுத்துத்தான் ஆகவேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. தண்டனையின் அளவு வேறு கதை.

சரி, தமிழுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் படம் ‘வரைவார்கள்’. நாம் படம் ‘கீறுவோம்’. “பிள்ளை நல்லாப் படம் கீறுவான்” என்று இங்கே எந்த அம்மாவும் சொல்வார், அதே அம்மா கையில் முள் கீறிவிட்டது என்றும் சொல்வார். இந்தியாவில் இருந்து வந்த ஒருவர் முதன்முதலாகக் கேட்டால் காகிதத்தைக் கிழித்துவிட்டானோ என்று பயப்படக்கூடும். ஆனால் பிறாண்டலில் இருந்து படத்துக்கும் எழுத்துக்கும் வந்த கிரேக்கச் சொல்லின் அதே பாதையை ஈழத்துப் பேச்சுத்தமிழ் தன்பாட்டில் நடந்து முடித்திருக்கிறது. கிராஃபிட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் வேறு எந்தச் சொல்லிலும் எனக்குத் தெரியவில்லை. அதனால் கீறல், தேவைப்பட்டால் சுவர்க்கீறல். தொல்லியல் எழுதுகிறவர்கள் இதை ஏற்கெனவே கையாள்கிறார்கள், தமிழ்நாட்டில் கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளின் மேல் உள்ள குறியீடுகளையும், ஆதன், குவிரன் என்ற பெயர்களையும் கீறல்கள் என்றே எழுதுவார்கள். இது என் பானை, தொடாதே என்று சொன்ன ஆட்கள் அவர்கள்.

இன்னும் சொன்னால், தமிழில் எழுத்தே ஒரு காலம் கீறலாகத்தான் இருந்தது. ஓலையில் மையால் எழுதவில்லை, எழுத்தாணியால் கீறி, கரியைப் பூசித் துடைத்தால் பள்ளத்தில் நின்ற கரி எழுத்தாகத் தெரியும். இத்தாலியர்கள் மேல்பூச்சைச் சுரண்டி அடியில் இருக்கிற நிறத்தைக் காட்டும் வேலைக்கு ‘ஸ்கிராஃபிட்டோ’ என்று பெயர் வைத்தார்கள், அதுவும் இதே குடும்பம்.

மறுபக்கம், ‘எழுது’ என்ற சொல் படத்தையும் விட்டுவைக்கவில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்கிறது பழமொழி. கண்ணுக்கு மை எழுதுவார்கள். திருப்பரங்குன்றத்தில் ஓவியம் இருந்த மண்டபத்தைப் பரிபாடல் ‘எழுத்துநிலை மண்டபம்’ என்கிறது, அங்கே நின்று இது யார் அது யார் என்று கேட்பவர்களுக்கு, இது இந்திரன் எடுத்த பூனை வடிவம், இவள் அகலிகை, இவன் கவுதமன் என்று பக்கத்தில் நிற்பவர்கள் சுட்டிக்காட்டிச் சொல்கிறார்கள். ஆகவே எழுத்தா படமா என்று கிராஃபிட்டியைப் பிடித்து உலுக்குவது தமிழில் அவ்வளவு அர்த்தமுள்ள கேள்வி இல்லை.

இப்போது உலகம் கிராஃபிட்டி என்று சொல்லும்போது மனதில் நினைப்பது ஆணிக் கீறலை அல்ல, ஸ்பிரே பெயின்டை. 1949இல் அமெரிக்காவில் பெயின்ட்டை அழுத்தக் குப்பிக்குள் அடைத்தார்கள். 1960களின் கடைசியில் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் இளைஞர்கள் தங்கள் பட்டப்பெயரைக் காணும் இடமெல்லாம் எழுதத் தொடங்கினார்கள். ‘டாக்கி 183’ என்ற பெயர் அதில் பிரசித்தம். கிரேக்கக் குடும்பத்துப் பெடியன், டாக்கி செல்லப்பெயர், 183 அவன் இருந்த தெரு. தபால் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, போன இடமெல்லாம் பெயர். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவனைப்பற்றி எழுதியதும் போட்டிக்கு ஆட்கள் பெருகிவிட்டார்கள். பிறகு சுரங்க ரயில்கள் முழுவதும் பெயர்களை எழுதினார்கள், நகர நிர்வாகம் கழுவிக் கழுவி 1989இல்தான் ரயில்களைத் துப்புரவாக்கி முடித்தது. இவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ‘ரைட்டர்’ என்றார்கள். அவர்களுக்குப் பெயரின் எழுத்துத்தான் எல்லாம்.

அதனால் கிராஃபிட்டியை ரசிக்க விரும்பினால் முதலில் எழுத்தைப் பாருங்கள். வாசிக்க முடியவில்லையே என்று விட்டுவிட வேண்டாம், வாசிக்கக் கூடாதென்றே முறுக்கிய பாணியும் உண்டு. கோடு நடுங்காமல் ஒரே மூச்சில் போயிருக்கிறதா, பெயின்ட் வழிந்திருந்தால் வேண்டுமென்றே வழியவிட்டதா கை தவறியதா, ஒரு எழுத்து மற்றதன்மேல் எப்படிச் சாய்கிறது, நிழல் எல்லாம் ஒரே திசையில் விழுகிறதா. அப்புறம் இடம். எட்டாத உயரத்தில் ஒரு சின்னப் பெயர் இருந்தால் அங்கே ஏறினதே பாதி வேலை. தமிழில் இதை நன்றாகச் செய்தவர்கள் குறைவு, அது எனக்குக் குறைதான். லத்தீன் எழுத்தின் நேர்க்கோட்டை அவர்கள் கஷ்டப்பட்டு வளைக்கிறார்கள், நம்முடைய இ, ஞ, ண, ஐ எல்லாம் சுழியோடுதான் பிறந்தவை, குப்பியைப் பிடித்த கைக்கு அவை விருந்து. ஆனால் நம் பெடியன்கள் ஸ்பிரேயை எடுத்தவுடன் எழுதுவது ஆங்கிலத்தில்.

‘வீதிக்கலை’ இதற்குப் பக்கத்து வீடு. படமே முக்கியம், அனுமதி இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம். 2019 கடைசியில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு இறங்கி மதில்களுக்குப் படம் கீறினார்கள், ஞாபகம் இருக்கும். கிழிந்த சுவரொட்டிகளும் அழுக்கும் போனது நல்லது. ஆனால் அரசர்களும் போர்வீரர்களும் கொஞ்சம் அதிகமாகிவிட்டார்கள் என்று அப்போதே பேச்சு எழுந்தது, நானும் அந்தப் பேச்சின் பக்கம்தான். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடித்த படத்தை எல்லாரும் பார்க்கப் பகலில் கீறுவது வீதிக்கலையாக இருக்கலாம், கிராஃபிட்டி ஆகாது.

உவர்மலை, உட்துறைமுக வீதி, டச்சு பே கடற்கரைப் பக்கம் நடக்கும்போது மதில்களைப் பார்த்துக்கொண்டு போனால் இந்த வேறுபாடு தானாகப் பிடிபடும். திருக்கடலூர்ப் பக்கம் வள்ளங்களின் பெயர் எழுத்தையும் விடாதீர்கள், அது கீறல் இல்லை, காசு கொடுத்து எழுதுவித்தது, ஆனாலும் எழுத்து என்ற வகையில் ஊரில் அவற்றுக்கு நிகர் குறைவு. இன்னொன்று, நாம் வீட்டுக்குள் இருப்பதைச் சுவர் என்றும் காணியைச் சுற்றி நிற்பதை மதில் என்றும் பிரித்துப் பேசுகிறவர்கள். அப்படிப் பார்த்தால் மதிற்கீறல் என்பதே சரி. அதற்காகச் சண்டை பிடிக்கமாட்டேன், சுவர்க்கீறல் எல்லாருக்கும் விளங்கும்.

மிச்சக் கலைச்சொற்களைக் கெதியாகச் சொல்லிவிடலாம். ‘டாக்’ என்கிற ஒற்றை வீச்சில் போடும் பெயருக்கு ஒப்பம். அழிப்பதற்கு வெள்ளையடித்தல், புதுச்சொல் தேவையில்லை. ஸ்டென்சில் ஸ்டென்சிலாகவே இருக்கட்டும், சாக்குகளிலும் மரப்பெட்டிகளிலும் பெயர் அடிக்கிற அந்த வெட்டிய தகட்டைத் துறைமுக ஊருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பாரிசில் 1980களின் தொடக்கத்தில் சுவர்களில் எலிப் படங்களை அடித்த பிளெக் லெ ரா, பிறகு வந்த பேங்க்ஸி எல்லாரும் அந்தத் தகட்டைத்தான் கையில் எடுத்தார்கள். காகிதத்தில் செய்து ஒட்டுவது சுவரொட்டி, அதில் நாம் உலகத்துக்கே பாடம் எடுக்கலாம்.

எழுத்துக்கூட்டலில் கிராஃபிட்டி, கிராபிட்டி, பழைய ஈழத்து முறையில் கிராபிற்றி எதுவும் பிழையில்லை. கீறுகிற ஆளுக்கு என்ன பெயர் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அவர்கள் தங்களை ‘ரைட்டர்’ என்பதால் எழுத்தாளர் என்று போட்டால், எத்தனை புத்தகம் வெளியிட்டார், எங்கே அறிமுக விழா என்று கேட்பார்கள். ஓவியர் என்றால் அவர்களே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். சுவர்க்கீறலர் என்று ஒன்றை உண்டாக்கலாம்தான், வாயில் வராது. கீறுகிறவர் என்று விட்டுவிடலாம்.