ஆர்கெஸ்ட்ராவுக்கு தமிழ்ல என்ன? பல்லியம்

நம்ம தர்மபுரி பக்கம் மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ்ல ஆர்கெஸ்ட்ரான்னு போட்டிருந்தா கீபோர்டு, ரிதம் பேடு, ரெண்டு மூணு பாடகருங்க, விடிய விடிய சினிமா பாட்டு, யாருக்கும் விளக்கமே தேவையில்ல. அதே சொல்லத்தான் 2025 மார்ச் 8ல லண்டன்ல இளையராஜாவோட சிம்பொனிய வாசிச்ச ராயல் பில்ஹார்மோனிக் குழுவுக்கும் சொல்றோம், அங்க வயலின், செல்லோ, ட்ரம்பெட்னு மேடை நெறய ஆளுங்க, இங்க அத்தன வயலினையும் கீபோர்டுக்காரர் ஒருத்தரே ஒரு கையில வாசிச்சிடுவாரு (அதுவும் சாதாரண வேல இல்ல).

சொல்லு கிரேக்கத்துல இருந்து வந்தது. மூலத்துல அதுக்கு ஆடுற எடம்னு அர்த்தம், நாடக மேடைக்கு முன்னாடி இருக்கற தரை, கோரஸ் கூட்டம் அங்கதான் ஆடிகிட்டே பாடும், நம்ம தெருக்கூத்து களரி மாதிரின்னு வெச்சுக்கோங்க. ரொம்ப காலம் கழிச்சு ஐரோப்பாவுல ஓபரா (பாட்டாவே நடக்கற நாடகம்) வந்தப்ப வாத்தியக்காரங்க மேடைக்கு முன்னாடி உக்காந்தாங்க, எடத்தோட பேரு அவங்க மேலயே ஒட்டிகிச்சு, ஆட்டம் கழண்டு போச்சு.

தமிழ்ல இசைக்குழுன்னு எழுதறாங்க, எனக்கு அது பத்தல, நாலு பேரு பஜனை பாடுனாலும் இசைக்குழுதானே. பல்லியம்னு பழைய சொல்லே இருக்கு. இயம்னா வாத்தியம், பல வாத்தியம் சேர்ந்து ஒலிக்கறது பல்லியம். திருமுருகாற்றுப்படையில வருது, புறநானூறு 281லயும் வருது, போர்ல காயம்பட்டவன் வீட்டுல வேப்பிலை செருகி யாழோட "பல்லியம் கறங்க" காவல் இருக்கற பாட்டு. பாடுனவரு அரிசில் கிழார், பதிற்றுப்பத்துல தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறைய பாடுனதும் இவருதான், தகடூர்னா நம்ம தர்மபுரி. நம்மூர அடிச்சவன புகழ்ந்தவரா இருந்தாலும் சொல்லு நல்ல சொல்லு, எடுத்துக்கலாம்.

பல பேரு சேர்ந்து பாடற கொயருக்கு சேர்ந்திசை. சினிமா இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் சென்னையில இளைஞர்கள வெச்சு வளர்த்தது அததான். 2005ல வந்த இளையராஜாவோட திருவாசகத்துல புடாபெஸ்ட் பல்லியமும் சேர்ந்திசையும் ஒண்ணா வரும், கேட்டா ரெண்டுக்கும் வித்தியாசம் தானா புரிஞ்சிடும். பண்டிகை மேடைக்கு மெல்லிசைக் குழுன்னு ஏற்கனவே பேரு இருக்கு, அதுவே போதும்.

குச்சி வெச்சுகிட்டு பல்லியத்துக்கு முன்னாடி நிக்கற கண்டக்டருக்கு மட்டும் சரியான சொல்லு சிக்கல, நடத்துநர்னு எழுதுனா பாலக்கோடு டவுன் பஸ்ல டிக்கெட் கிழிக்கறவருதான் கண்ணு முன்னாடி வர்றாரு.