ஒரே அடுப்பில் பருமனும் பற்றாக்குறையும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-இல் 89 கோடிப் பெரியவர்களுக்கு உடற்பருமன் இருந்தது. 39 கோடிப் பெரியவர்கள் எடை குறைந்தவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட 14.9 கோடிக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமில்லாமல் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். பருமன் பணக்கார நாட்டுக்கு, குன்றல் ஏழை நாட்டுக்கு என்று இவர்களைப் பிரித்துவிட முடியாது. தாய் பருமனாகவும் பிள்ளை வளர்ச்சி குன்றியும் இருக்கும் வீடுகள் ஏராளம்.

தாய் எல்லாவற்றையும் தானே சாப்பிட்டுவிடுகிறாள் என்று இதற்குப் பொருளில்லை. இரும்புச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டாலே காரணம் புரிந்துவிடும். அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரையில் வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். 7 முதல் 12 மாதக் குழந்தைக்கோ 11 மில்லிகிராம் வேண்டும். பெரியவர் அந்த 8 மில்லிகிராமை 2,000 கலோரிக்கு மேற்பட்ட உணவிலிருந்து திரட்டிக்கொள்ளலாம். தாய்ப்பால் குடிக்கும் 6–8 மாதக் குழந்தைக்கு இணை உணவிலிருந்து கிடைக்க வேண்டியது சுமார் 200 கலோரிதான். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் ஏறக்குறைய முழுத் தேவையும் அந்த 200 கலோரிக்குள் அடங்க வேண்டும். வயிறும் சிறியது: கிலோவுக்கு 30 மில்லி என்று கொண்டால், 7 கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 210 மில்லிக்கு மேல் கொள்ளாது.

மாவும் எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த சமையல் இந்தக் கணக்கில் தோற்றுவிடும். அதே சமையல் பெரியவருக்குத் தேவைக்கு மேல் கலோரி தரும். தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவுகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட சோதனையில் 20 பேர் இரண்டு வாரம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் வேண்டிய மட்டும் சாப்பிட்டார்கள். பரிமாறிய உணவுகளில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் சமம். அப்படியும் பதப்படுத்திய உணவு நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

ஒரே உடம்பில் இரண்டும் சேர்வது இன்னும் நுட்பமானது. கொழுப்புத் திசு பெருகும்போது உடலில் மெல்லிய அழற்சி நிலைகொள்கிறது. அது கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது. குடல் செல்லிலிருந்து இரத்தத்துக்கு இரும்பு வெளியேறும் ஒரே வாசல் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதை அடைத்துவிடும். சாப்பிட்ட இரும்பு குடல் செல்லிலேயே தங்கி, செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். பருமனானவருக்கு இரத்தசோகை வருவதற்கு இது ஒரு வழி.

பரிசோதனையும் இங்கே ஏமாற்றும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அழற்சியாலும் ஏறும். ஆரோக்கியமான பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. அழற்சி இருந்தால் 70-க்குக் கீழே இருந்தாலே குறைபாடாகக் கருதச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்காமல், '40 இருக்கிறது, கவலையில்லை' என்று அனுப்பிவிடுவது தவறு.

வேர் கருவறைவரை போகிறது. 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒருவருக்கான பங்கீடு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே சரிந்தது. அந்தப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்கள் 19 வயதில் ராணுவ மருத்துவப் பரிசோதனைக்கு வந்தார்கள். கருவின் முதல் பாதியில் பஞ்சத்தைச் சந்தித்த ஆண்களிடம் பருமன் அதிகம்; கடைசி மாதங்களிலும் பிறந்த உடனேயும் சந்தித்தவர்களிடம் குறைவு. பசி எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம் என்று முதலில் காட்டிய தரவுகளில் இது ஒன்று. சத்துக் குறையும்போது கரு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு தசையிலும் சிறுநீரகத்திலும் கணையத்திலும் சிக்கனம் பிடிக்கிறது. உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். அது சிறுத்துப் பிறந்த உடலில், பின்னாளில் மிதமாக எடை கூடினாலே சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கும்.

ஆகவே எடையை மட்டும் பார்த்து உணவூட்டுவதுதான் நடைமுறையில் நேரும் பெரிய பிழை. இரண்டு வயது ஆண் குழந்தை, உயரம் 78 சென்டிமீட்டர், எடை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதின் நடு எடை சுமார் 12.2 கிலோ. '2 கிலோ குறைகிறது' என்று சர்க்கரையும் எண்ணெயும் ஏற்றினால் எடை ஏறும், உயரம் ஏறாது. 78 சென்டிமீட்டருக்கு 10 கிலோ சரியான எடை, 12.2 கிலோவில் அதே குழந்தை அதிக எடைக்கான எல்லைக்கு வந்துவிடும். அவனுக்குத் தேவை எலும்பும் தசையும் வளர உதவும் தரமான புரதம், துத்தநாகம், இரும்பு. கூடவே, தின்றதைத் தங்கவிடாத வயிற்றுப்போக்குக்கு முடிவு. உயரத்துக்கேற்ற எடை, அட்டவணையின் நடு அளவிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்கும் கீழே போன (அட்டவணையில் 'மைனஸ் இரண்டு') மெலிந்த குழந்தையின் கதை வேறு. அதற்கு மற்றச் சத்துகளோடு கலோரியும் கூடுதலாக வேண்டும்.

இந்த இரண்டு குழந்தைகளையும் பிரித்தறிய உயரப் பலகை வேண்டும், அதைச் சரியாகப் பிடிக்கவும் தெரிய வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளக்க வேண்டும். நிற்கவைத்து அளந்துவிட்டால் 0.7 சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டு அட்டவணையைப் பார்க்க வேண்டும்.