ஐப்பசியில் இறுகும் கதவு

ஐப்பசி மழை பிடித்தால் புதுச்சேரியில் எங்கள் வீட்டுப் பின்கதவு நிலையில் இறுகிக்கொள்ளும். தோளால் இடித்தால்தான் திறக்கும். ஒருமுறை ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் இழைப்புளியை வெளியே எடுக்கவே இல்லை. “இப்ப சீவினா சித்திரையில விரல் நுழையற அளவு சந்து விழும் சார். தை பொறக்கட்டும், தானா விட்டுடும்” என்றார். அப்படியே விட்டது. கதவின் அகலம்தான் கூடிக் குறைந்திருக்கிறது, உயரம் அப்படியே இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இதற்குக் காரணம் மரத்தின் உள்ளமைப்பு. நெடுக்காக அடுக்கிய நுண்குழாய்கள்தான் மரம். குழாய்ச் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. காற்றில் ஈரம் ஏறினால் நீர் மூலக்கூறுகள் சுவருக்குள் புகுந்து இழைகளுக்கு நடுவே உட்காரும். இழைகள் பக்கவாட்டில் விலகும், ஆனால் நீளாது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருங்குகிறது. ஆண்டு வளையத்தை ஒட்டிய குறுக்குத் திசையிலோ பல மரங்கள் 5 முதல் 10 சதவீதம் சுருங்கும்.

சரி, இந்த வித்தியாசத்தை வேலைக்கு வைத்தால்? மரத்தை மெல்லிசாகச் சீவிய வெனீர் தகட்டின் முதுகில் ஈரத்துக்கு அசையாத ஒரு படலத்தை ஒட்டுங்கள். மரம் விரியப் பார்க்கும், முதுகு விடாது. வேறு வழியில்லாமல் தகடு வளையும். பைன் காயின் செதில் காய்ந்தால் விரிந்து, நனைந்தால் மூடுவதும் இதே கணக்குதான். செத்துப்போன செதில்கூட இதைச் செய்யும், உயிரே தேவையில்லை.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ஆக்கிம் மெங்கெஸ் குழுவினர் இதை வைத்து ‘ஹைக்ரோஸ்கின்’ என்ற கூடத்தை வடிவமைத்தார்கள். 2013இல் பிரான்சின் ஓர்லியான் நகரில் அது நின்றது. அதன் மர இதழ்கள் வெயில் நாளில் சுருண்டு வழிவிடும், மழை ஈரத்தில் நிமிர்ந்து மூடும். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை, மின்சாரம் இல்லை. 2019இல் ஜெர்மனியின் உர்பாக் என்ற ஊரில் 14 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். அதன் வளைந்த பலகைகளை யாரும் அச்சில் அழுத்தவில்லை. ஈரமான ஸ்புரூஸ் பலகைகளை இழைத் திசை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி இரண்டடுக்காக ஒட்டி உலர்த்தினார்கள், அவை தாமாகவே வளைந்தன. இதைத்தான் நான் பெரிய சாதனை என்பேன். பலகையைக் கோணலாக்கிக் கெடுக்கும் குணமே அங்கே அச்சாகிவிட்டது.

எங்கள் ஊர் அரவிந்தர் ஆசிரம விடுதியான கோல்கொண்டாவில், சுவர் நெடுக இருக்கும் காற்றுப் பட்டைகளைக் கையால் திருப்புகிறார்கள். அந்த மாதிரி இடங்களில் தானே திரும்பும் மரப்பட்டை இருந்தால் எப்படியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். ஆனால் ஓர்லியான் இதழை அப்படியே கொண்டுவந்து மாட்ட முடியாது. எந்த ஈரத்தில் ஒட்டுகிறோமோ அந்த ஈரத்தில்தான் தகடு தட்டையாக நிற்கும். கடற்காற்று வீசும் இந்த ஊரில் காற்று அவ்வளவு லேசில் காயாது. முதலில் இங்கே ஐப்பசிக்கும் சித்திரைக்கும் நடுவே ஈரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்து, அப்புறம்தான் ஒட்ட வேண்டும்.