பேஸ்மேக்கர் வைக்கப் போனா ரத்தக்குழாயே வேற ரூட்ல இருக்கு

பேஸ்மேக்கர்னாலே நெஞ்சைத் திறக்கற ஆபரேஷன்னு நினைச்சு நிறைய பேர் பயப்படறாங்க, 1958ல ஸ்வீடன்ல ஆர்னே லார்சனுக்கு உலகத்துலயே முதல் தடவையா உடம்புக்குள்ள வச்சப்போ அப்படித்தான் இருந்துச்சு, இப்போ பெரும்பாலும் அப்படி இல்ல. காரை எலும்புக்குக் கீழ சின்னதா கீறி, அங்க இருக்கற சிரை வழியா லீட்னு சொல்ற மெல்லிசான ஒயரை விட்டு, எக்ஸ்ரே ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டே இதயம் வரைக்கும் கொண்டு போவாங்க. நிறைய பேருக்கு வலது கைப்பழக்கம்ங்கறதால பெரும்பாலும் இடது பக்கம்தான் வைக்கறது.

அந்த ஒயர் நெஞ்சுக்குக் குறுக்கால வலது பக்கம் போய், மேல் உடம்பு ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு வர்ற மேற்பெருஞ்சிரை வழியா வலது மேலறைக்குள்ள இறங்கணும். சிலருக்கு குறுக்க போகாம இடது பக்கமாவே நேரா கீழ இறங்கும். கருவுல எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் பெரிய சிரை உண்டு, பிறக்கறதுக்கு முன்னாடியே இடது பக்கத்தது சுருங்கி மறைஞ்சிடும், இவங்களுக்கு அது மறையாம தங்கிடுச்சு, அவ்வளவுதான். 1000 பேர்ல 3லருந்து 5 பேருக்கு இப்படி இருக்கலாம், பிறவி இதயக் கோளாறு இருக்கறவங்ககிட்ட இன்னும் அதிகம். இது நோய் இல்லங்க. பெரும்பாலானவங்களுக்கு அந்த ரத்தம் கரோனரி சைனஸ்ங்கற இதயத்தோட சொந்த சிரைக்குள்ள சேர்ந்து கடைசில அதே வலது மேலறைக்குத்தான் வருது, அதனால வயசான காலம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லாம, இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாம இருப்பாங்க.

கஷ்டம் டாக்டருக்குத்தான். கரோனரி சைனஸ் வாய் வழியா ஒயர் மேலறைக்குள்ள வரும்போது, கீழறைக்குப் போகத் தாண்ட வேண்டிய வால்வு பக்கத்துலயே இருக்கும், ஆனா ஒயர் முனை அதுக்கு எதிர்ப்பக்கம் பாத்துட்டு இருக்கும், சும்மா தள்ளினா சுவர்லதான் போய் முட்டும். அந்த முட்டறதையே அவங்க உதவியா எடுத்துக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம்! ஒயருக்குள்ள இருக்கற, அதை வளைச்சுத் திருப்ப உதவற ஸ்டைலட் கம்பியை பெரிய வளைவா வளைச்சு, மேலறையோட வெளிச்சுவர்ல ஒயரை சாய்ச்சு, ஒரு வளையம் போட்டுத் திருப்பி வால்வு வழியா கீழறைக்குள்ள இறக்கறாங்க. கொஞ்சம் நீளமான ஒயர் வேணும், நழுவாம இருக்க முனையில ஸ்க்ரூ இருக்கற வகைதான் இங்க நம்பகமானது.

எக்கோ ஸ்கேன்ல கரோனரி சைனஸ் வழக்கத்தைவிட பெருசா தெரிஞ்சாலே சந்தேகப்படலாம். குலுக்கின சலைனை இடது கையில ஏத்தினா குமிழி முதல்ல அங்கதான் தெரியும், அப்புறம்தான் மேலறைக்கு வரும். சந்தேகம் இருந்தா எக்ஸ்ரேல தெரியற டையை சிரைக்குள்ள போட்டுப் பாத்துடறதுதான் நல்லதுன்னு நான் உறுதியா நினைக்கறேன், ஏன்னா சிலருக்கு வலது பக்கப் பெருஞ்சிரையே இருக்காது, ரொம்ப சிலருக்கு இந்த இடது சிரை இடது மேலறையில போய்த் திறக்கும், அங்க ஒயர் போனா அதுல உறையற ரத்தக்கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம்.

வலது பக்கப் பாதை சரியா இருந்தா அந்தப் பக்கமே வச்சிடலாம். ஒயரே இல்லாத பேஸ்மேக்கருக்கு 2016ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, சுமார் 26 மில்லிமீட்டர் நீளம்தான், தொடைச் சிரை வழியா கீழருந்து போறதால மேல இருக்கற சிக்கலே குறுக்க வராது, ஆனா விலை அதிகம், எல்லாருக்கும் பொருந்தவும் பொருந்தாது.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருக்குன்னு சொன்னா டிஸ்சார்ஜ் சம்மரில கண்டிப்பா எழுதி வாங்கிக்கோங்க, நாளைக்கு ஐசியூல கழுத்தோட இடது பக்கச் சிரை வழியா மருந்து ஏத்தற குழாய் (லைன்) போட்டு எக்ஸ்ரே எடுத்தா அது இடது பக்கம் இறங்கறதைப் பாத்து தமனிக்குள்ள போயிடுச்சோன்னு குழம்ப வாய்ப்பு இருக்கு.